நாலாம் பிரஸ்ஸுக்கு விழுந்த ஓட்டுகள்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் நாலாம் பிரஸ்ஸை ஆறு வருஷமாக ஓட்டுகிறவள் சத்யப்பிரியா. தொழிலாளிகள் தங்களுக்குத் தெரிந்த உத்திகளை எழுத அங்கே ஒரு செல்போன் ஆப் உண்டு. மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள். இருநூறைத் தாண்டினால் அதை அச்சடித்து மெஷினிலேயே ஒட்டிவிடுவார்கள்.

திங்கட்கிழமை காலை டீ நேரத்தில் புதிதாக ஒன்றைப் பார்த்தாள். 'நாலாம் பிரஸ்ல பீஸ் சிக்கினா, பச்சை லைட்டு எரியும்போது கை வுட்டு எடுக்கலாம். ஒண்ணும் ஆவாது.' எழுதியவர் பெயர் இல்லை. இருநூற்றுப் பதினாலு ஓட்டு.

பச்சை எரிந்தால் பிரஸ் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆனால் பச்சை எரியும்போதே அந்தப் பிரஸ் தானாக இறங்கி அவள் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். எதிர் ஓட்டுப் போட்டாள். ஆதரவு எண்ணிக்கைதான் ஒன்று கூடியது. ஆதரித்தவர்கள் பட்டியலைத் திறந்தால், கடைசியில் அவள் பெயர்.

பட்டியலில் பெயர் இருந்தவர்களைக் கேன்டீனில் ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"நான் போடலம்மா" என்றார் பாண்டுரங்கன்.

பக்கத்து மெஷின் மெர்சியும் தலையாட்டினாள். "நான் அத பாக்கவே இல்லக்கா."

போட்டதாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

மத்தியானம் சூப்பர்வைசர் வசந்தகுமார் அந்த உத்தியை அச்சடித்த காகிதத்தோடு வந்தார். ஒட்ட வேண்டாம் என்று சத்யப்பிரியா மறித்தாள். "இப்ப முன்னூத்தி நாப்பது பேரு சரின்றாங்க. நீ ஒருத்தி மட்டும் இல்லன்றியே?"

"சார், நம்ம கம்பெனியிலயே இருநூத்தி எண்பது பேருதானே?"

அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணிக்குப் பீஸ் சிக்கியது. பச்சை எரிந்தது. சத்யப்பிரியா மெஷினை நிறுத்தத் திரும்புவதற்குள் மெர்சி வந்து நின்றாள். முகத்தில் பதற்றமே இல்லை.

"ஒண்ணும் ஆவாதுக்கா" என்று கையை உள்ளே நீட்டினாள்.

சத்யப்பிரியா அவள் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள். பிரஸ் இறங்கி, சிக்கிய பீஸைத் தகடாக நசுக்கியது. யாரும் பட்டனைத் தொடவில்லை.

சத்யப்பிரியா எழுந்து மெயின் சுவிட்சை அணைத்தாள். லைன் மொத்தமும் நின்றது. காகிதத்தைக் கிழித்தாள். ஓடிவந்த வசந்தகுமார் நசுங்கிய பீஸை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார். சாயங்காலத்துக்குள் ஆப்பையே மூடிவிட்டார்கள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் மெர்சி சத்யப்பிரியாவின் தோளில் சாய்ந்திருந்தாள்.

"இன்னாத்துக்குடி கைய வுட்ட?"

"தெரிலக்கா. எல்லாரும் சொல்றாங்களேன்னு, எனக்கே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"யாரு எல்லாரும்?"

மெர்சி பஸ்ஸில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதைச் சொன்ன முகம் ஒன்றுகூட அங்கே இல்லை.