கல்லு வச்சாச்சு

பிறந்தது மலை, வளர்ந்தது மலை, வாக்கப்பட்டதும் அதே தேயிலைத் தோட்டத்தில் இரண்டு லயத்து வீட்டு வரிசை தள்ளி. அப்படிப்பட்ட நீலாவதி, லைசன்ஸ் டெஸ்டில் மேட்டில் காரை நிறுத்தி எடுக்க முடியாமல் மூன்றாவது தடவையும் தோற்றுப்போய் வந்தாள். அதுவும் என்ன மேடு? கீழே தாப்பாவில், சமதரையில் சிமெண்டைக் கொட்டி மெனக்கெட்டுக் கட்டிவைத்த மேடு. கேமரன் மலைக்காரர்கள் அதை மேடு என்று சொல்லவே கூச்சப்படுவார்கள்.

"மலையில பொறந்துட்டு மேட்டுல கோட்டை விட்டுட்டு வந்திருக்கியேடி!" என்றாள் பக்கத்து வீட்டு மணியம்மா. சொல்லிவிட்டு, சுடச்சுட ஒரு கிண்ணம் மீன்குழம்பையும் வேலிக்கு மேலே நீட்டினாள். மணியம்மாவுக்கு வாயும் பெரிசு, மனசும் பெரிசு.

நீலாவதி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "இனிமே போக மாட்டேன்க்கா. போதும் லா. எனக்கு வராதுன்னா வராது."

அவள் சொன்னது உள்ளே முருகையாவின் காதில் விழுந்தது. அவளுடைய வீட்டுக்காரர். போன வருஷம் இனிப்பு நீர் வியாதி முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வடைக்கடை என்றால் முருகையாதான். தமிழில் கூப்பிட்டு, மலாயில் பேரம் பேசி, சீனத்தில் நாலு வார்த்தை தப்பாகச் சொல்லிச் சிரிக்க வைத்து, கொண்டுபோன மாவு தீர்ந்த பிறகுதான் வேனைக் கிளப்புவார். கால் போனதும் மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை மட்டும் ஒரு மாற்றம் தெரியும். கூலிக்கு வேன் ஓட்ட ஷர்வின் வருவான். அன்றைக்கு முருகையா குளிப்பார், தலை சீவுவார், சட்டை போடுவார். கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து வடை சுடும்போது நீலாவதிக்குப் பழைய புருஷன் திரும்பக் கிடைப்பார்.

இப்போது அந்த ஷர்வின் மாசக் கடைசியில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். கம்போங் ராஜாவில் ஒரு காய்கறி வியாபாரி வேனை விலைக்குக் கேட்டிருக்கிறார். வேன் போனால் கடை போகும். கடை போனால் அந்த மனிதர் சட்டை போட ஒரு காரணமும் மிஞ்சாது. இதற்காகத்தான் நீலாவதி ஃபேக்டரி வேலையையும் பார்த்துக்கொண்டு, நாற்பத்து நாலு வயதில் பிள்ளைகளோடு பிள்ளையாக வரிசையில் நின்று கார் பழகினாள்.

"என்னதான் ஆச்சு?" என்றார் முருகையா, சாப்பிடும்போது.

"கார் பழக்குற மாஸ்டரும் அதையேதான் கேக்குறாரு. கை சரியா இருக்காம், கால் சரியா இருக்காம். ஆனா மேட்டுல நிறுத்தினதும் எதுக்கோ காத்துக்கிட்டு நிக்கிறேனாம். நின்னு நின்னு பதறிப்போய் கிளச்சைத் தப்பா விட்டுடறேன். கார் பின்னால உருண்டுடுது."

"எதுக்குக் காத்திருக்கே?"

நீலாவதி சோற்றில் கையை வைத்தபடி யோசித்தாள். அந்த நிமிஷம்தான் அவளுக்கே பிடிபட்டது. சொல்ல வெட்கமாக இருந்தது.

"கல்லுக்குங்க," என்றாள்.

வாங்கிய நாளிலிருந்தே அவர்கள் வேனின் ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. மாற்றச் சொன்னால், "அதான் கல்லு இருக்கே" என்பார் முருகையா. லயத்துக்குப் போகிற வழியில் முனியாண்டி கோயில் ஏற்றம் ஒன்று உண்டு. எதிரே கொழுந்து லாரி இறங்கி வந்தால், ஏறுகிற வண்டி ஓரங்கட்டி நிற்க வேண்டும். நின்றதும் நீலாவதி மடியில் இருக்கும் கருங்கல்லோடு குதித்து இறங்குவாள். பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு, "வச்சாச்சு!" என்று கத்துவாள். அதைக் கேட்ட பிறகுதான் முருகையா பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். லாரி போனதும் வண்டியை ஏற்றிக்கொண்டுபோய் மேலே சமதரையில் நிறுத்துவார். உள்ளிருந்தே எட்டி இடது பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கல்லைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறி வரும்வரை காத்திருப்பார். மழையோ மூடுபனியோ, ஒரு நாளும் ஹார்ன் அடித்து அவசரப்படுத்தியதில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இதே கதைதான். லயத்தில் அவளுக்குக் கல்லு நீலா என்றே பெயர்.

அவள் உடம்புக்கு ஏற்றம் என்றால், யாராவது பின்னாலிருந்து "வச்சாச்சு" சொல்ல வேண்டும். சொல்லாதவரை கால் நகராது. தாப்பாவில் யார் சொல்வார்கள்?

முருகையா சிரித்தார். முதலில் மூக்கால் சிரித்தார். அப்புறம் சோறு புரையேறிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. நீலாவதிக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்கக் கோபம் நிலைக்கவில்லை, அவளும் சிரித்துவிட்டாள். முனியாண்டி சாமி, இதற்காக இன்னும் பத்து தடவை தோற்றாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி எழுதிக் குடு நீலா. நானும் வரேன்."

"நீங்களா? சனிக்கிழமை தவிர வாசலைத் தாண்ட மாட்டீங்களே!"

"வரேன்னு சொல்லிட்டேன் லா."

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம், நின்ற வேனில் ஏறி உட்கார்ந்து கிளச்சையும் பிரேக்கையும் மிதித்துப் பழகினாள். முருகையா வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, "மெதுவா விடு, மாவா பிசையுறே!" என்று அதட்டினார். மணியம்மா வேறு தன் பங்குக்கு வேலியிலிருந்து அதட்டினாள். கார் ஓட்டவே தெரியாத மணியம்மா சொன்னதையும் நீலாவதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

டெஸ்ட் அன்றைக்கு மணியம்மாவின் மகன் தன் காரில் இருவரையும் கூட்டிப்போனான். முருகையா இஸ்திரி போட்ட சட்டையில், தோங்காட் ஊன்றுகோலை முழங்காலுக்கு நடுவே நிறுத்தி, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு வந்தார். நாசி லெமாக் ஆக்கும் என்று நீலாவதி நினைத்தாள். அவளுக்கு அப்போது பசியே இல்லை.

அவள் முறை வந்தது. மேட்டில் ஏறிக் கோட்டில் நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். வழக்கம்போல உடம்பு காத்திருக்க ஆரம்பித்தது. போச்சு, இன்றைக்கும் போச்சு என்று நினைத்தபோதுதான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

பின்னால் கம்பி வேலிக்கு வெளியே முருகையா நின்றார். தோங்காட்டை வேலியில் சாத்திவிட்டு, தானும் அதில் சாய்ந்துகொண்டு, இரண்டு கையாலும் அந்தக் கருங்கல்லைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். பிளாஸ்டிக் பை காலடியில் கிடந்தது. வடை விற்ற அதே குரலில், திடல் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"நீலா! வச்சாச்சு!"

டெஸ்ட் எடுக்கும் அதிகாரி திடுக்கிட்டுத் திரும்பினார். நீலாவதி திரும்பவில்லை. அவள் கால் தானாகவே கிளச்சை மெதுவாக விட்டது, கார் லேசாக முனகியது, ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். ஒரு விரற்கடை கூடப் பின்னால் போகாமல் கார் மேட்டைத் தாண்டியது. உச்சியைத் தாண்டி இறங்கும்போது அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே பார்க்கிங்கும் போட்டாள். அதன் பிறகு ரோட்டில் ஓட்டிக் காட்டச் சொன்னதெல்லாம் அவளுக்குப் பெரிசாகவே தெரியவில்லை.

யார் அது என்று அதிகாரி கேட்டார். என் வீட்டுக்காரர், கல் வைத்துவிட்டதாகச் சொல்கிறார் என்று மலாயில் சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாஸ் என்று எழுதும்போது சிரித்தார்.

சனிக்கிழமை காலை, புது லைசன்ஸ்காரர்கள் ஒட்டும் சிவப்புப் 'பி' எழுத்தை வேனில் ஒட்டி, நீலாவதி முதல் தடவையாக ஓட்டினாள். திரிங்காப்புக்குப் போய்க் கடைக்கு வேண்டிய மிளகாயும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். இடது பக்கத்தில், இத்தனை வருஷம் அவள் உட்கார்ந்த இடத்தில், முருகையா உட்கார்ந்திருந்தார். கல் அவர் மடியில் ஒரு தோள்பையில் இருந்தது.

முனியாண்டி கோயில் ஏற்றத்தில் பாதி ஏறியதும் மேலேயிருந்து கொழுந்து லாரி வந்தது. ஓரங்கட்டி நின்றாள். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, "நீங்க இறங்காதீங்க, நான் மிதிச்சுக்கிட்டே இருக்கேன்," என்றாள். அதற்குள் இடது கதவு திறந்துவிட்டது. முதலில் தோங்காட் இறங்கியது, அப்புறம் நல்ல கால், அப்புறம் அவர். வேனைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனார். வெகு நேரம் ஆனது. பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. தோட்டத்து ஆட்கள்தான், யாரும் ஹார்ன் அடிக்கவில்லை.

"வச்சாச்சு!"

லாரி கடந்து போனது. நீலாவதி வண்டியை ஏற்றி மேலே சமதரையில் நிறுத்தினாள். அவர்களுக்குள் நன்றி என்று சொல்லிக்கொள்ளும் பழக்கமெல்லாம் கிடையாது. ஆனால் இந்த ஓட்டை ஹேண்ட்பிரேக்குக்கும், அந்தக் கல்லுக்கும், கண்ணாடியில் தெரிகிற அந்த மனிதருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. முருகையா கல்லைப் பையில் போட்டுத் தோளில் மாட்டி, ஒவ்வோர் எட்டாக ஏறி வந்துகொண்டிருந்தார்.

நீலாவதி எட்டி, இடது பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள்.