திரைக்குள்ளிருந்து ஓர் ஆமாம்

அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த நிஸ்தாரிணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவன் நிபாரண் மறுபடியும் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"பதிவு அதிகாரி படகை விட்டு இறங்கிட்டாராம். சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"பயமா இருக்குங்க. ஷைலா பேர்ல நான் எப்படி..."

"திரைக்குள்ள இருக்கிற பொம்பளை முகத்தை எந்த அதிகாரி பாத்தான்? சம்மதமான்னு கேப்பார். ஆமான்னு சொல்லு, போதும்."

ஷைலபாலா நிபாரணின் தம்பி மனைவி. தம்பி ஜதின் போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டான். மகனில்லாதவன் பங்கு, அவன் மனைவி உயிரோடிருக்கும்வரை அவளுக்குத்தான் என்பது வங்காளத்து முறை. வெள்ளைக்காரன் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டிருந்தது. பாதி வயலும் பாதிக் குளமும் ஒரு சின்னப் பெண்ணிடம் இருப்பது நிபாரணுக்குப் பொறுக்கவில்லை. தன் பேருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி ஆள்விட்டுக் கேட்டான், மாட்டேன் என்றுவிட்டாள். அதனால்தான் ஏகாதசியாகப் பார்த்து நாள் குறித்தான். விதவை என்பதால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் அவள் பின்கட்டில் சுருண்டு கிடக்கும் நாள் அது. என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

"இன்னொண்ணு." நிபாரண் குரலைத் தாழ்த்தினான். "ரேகை வைக்கக் கையை வெளிய நீட்டணும். சங்கு வளையலைக் கழட்டிடு. பாத்தா சந்தேகம் வரும்."

நிஸ்தாரிணி வளையலை மறு கையால் மூடிக்கொண்டாள். புருஷன் செத்தால் அல்லவா அதைக் கழற்றுவார்கள்?

"என்னங்க, உங்க வாயாலயா இதைச் சொல்றீங்க?"

"கொஞ்ச நேரந்தானேடி! வயல் என்ன சும்மாவா வரும்?"

முற்றத்தில் அதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்டது. மீன் வழுவழுப்பில் வளையல்கள் சுலபமாகக் கழன்று வந்துவிட்டன.

திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். மொட்டைக் கை மடியில் கிடந்தது. அது தன் கை மாதிரியே அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, காலஞ்சென்ற ஜதின் பாபுவோட மனைவி ஷைலபாலா நீங்கதானே? பங்கை மனசார விட்டுக்கொடுக்கிறீங்களா?"

"கூச்சப்படறா ஐயா," என்று நிபாரண் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். ஆமாம் என்றால் ஷைலா தெருவில் நிற்பாள். இல்லை என்றால் தானே நிற்க நேரும்.

"இல்லீங்க ஐயா." என்றாள் நிஸ்தாரிணி. "நான் அவ இல்ல. உங்க பக்கத்துல நிக்கிறவரோட பெண்டாட்டி. ஷைலா உள்ள பட்டினி கிடக்கா. அவளைக் கேக்காம எதையும் பதியாதீங்க."

அதிகாரி நிபாரணை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை மூடினார். "உங்க மேல வழக்கே போடலாம்," என்று சொல்லிவிட்டுப் படகை நோக்கி நடந்தார்.

நிபாரண் திரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தான். "யார் சோத்தைத் தின்னுட்டு யாருக்குடி பேசற?"

நிஸ்தாரிணி வெறுங்கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எனக்குத்தான் பேசறேன். நீங்க உசுரோட இருக்கும்போதே என்னை விதவையாக்கிப் பாத்துட்டீங்க. நாளைக்கு நிஜமாவே ஆனா? நமக்கும் ஆம்பளைப் பிள்ளை இல்ல, ரெண்டும் பொண்ணுங்கதான். என் பேர்ல ஆமான்னு சொல்ல உங்க பங்காளி வீட்டுலேருந்து எவளாவது இதே இடத்துல வந்து உக்காருவா. விதவையோட பங்கைப் பிடுங்கறவன், தன் பெண்டாட்டி சோத்துலயும் சேத்துத்தான் மண்ணைப் போடறான்!"