நனைந்த உமி

புருஷன் இறந்தபின் அவளுக்குப் பேச்சுத்துணை என்றிருந்தவர் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர்தான். பக்கத்துக் கோழிப்பண்ணை அவருடையது. இவளும் கோழிதான் வளர்த்தாள். சாயங்காலமானால் வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் காபிக்கு ஊர்க்கதை முழுக்க அளந்துவிட்டுப் போவார்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை கொட்டகைக்குள் நுழைந்தாள். முந்தின நாள்வரை நன்றாகத் தீனி தின்ற கோழிகள் மூலைக்கு மூலை செத்துக் கிடந்தன. ஒன்றைப் புரட்டினாள். இறக்கைக்கு அடியில் தோல் கன்றிக் கறுத்து, தொட்டால் உரிந்து வந்தது.

உடம்பெல்லாம் மூடிய உடுப்பில் கால்நடை டாக்டர் வந்தார்.

"தோல்ல வர்ற கிருமிம்மா. தண்ணிக்குழாய் ஒழுகி, தரையில பரப்பின உமி நனைஞ்சிருக்கு. ஒண்ணையொண்ணு கீறிக்கிட்ட காயத்துல கிருமி ஏறிடுச்சு. செத்ததை உடனே எடுத்துடுங்க, ஈர உமிய அள்ளிடுங்க. தண்ணில மருந்து கலந்து வைங்க. வெளியாள் யாரும் உள்ள வரவேணாம்."

"காபி போடறேன் டாக்டர்."

"பண்ணைக்குள்ள வாயில எதுவும் வைக்கமாட்டேம்மா."

மருந்து கலக்கும் விதம் தெரிந்தும் மறுபடி கேட்டாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டுமே.

அன்றிலிருந்து அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார். "தப்பா நினைக்காதம்மா. செருப்புல ஒட்டிக்கிட்டு வந்தா என் கோழியும் காலி."

"சீக்கு கோழிக்குத்தாண்ணா, எனக்கில்ல," என்று சிரித்தாள். அவர் தலை மறைந்ததும் முகம் தொங்கிப்போயிற்று.

செத்ததைப் பொறுக்கி, குழி தோண்டிப் புதைத்து, உமி அள்ளி எல்லாம் ஒற்றை ஆளாய்ச் செய்தாள். கோழிகளை "நகரு, நகரு" என்று அதட்டுவதைத் தவிர அவள் வாய்க்கு வேலையே இல்லை. ஒருவழியாக மருந்து பிடித்தது. டாக்டர் சரி என்ற பிறகு, தேறியவற்றை வியாபாரி ஏற்றிப்போனார். காலிக் கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாள்.

அதற்கப்புறம்தான் அண்ணன் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே அண்ணி வேறு செருப்பு எடுத்துப் போட்டாள்.

"குளிச்சுட்டுத்தானே வந்தே?"

"ரெண்டு தடவை, அண்ணி."

சாப்பிடும்போது அண்ணனுடைய கோழிகள் எடை ஏறியதைப் பற்றித்தான் பேச்சு. இவளுடையதை யாரும் கேட்கவில்லை.

கிளம்பினபோது அண்ணன், "ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்," என்றார்.

"எங்கண்ணா? கோழிக்குத் தண்ணி வைக்க..."

பாதியில் நின்றுவிட்டது. அண்ணி எழுந்துபோய்ப் பாய் கொண்டுவந்து விரித்தாள். இவள் மறுக்கவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.