பட்டியலில் இல்லாத கேள்வி

மூன்று புகைப்பட இணையதளங்களைத் திரையில் அருகருகே திறந்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து மனிதர்களின் சோகத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் கண்ணாடியக்கா. பத்து வருடமாக ஒரு சின்ன விளம்பர அலுவலகத்தில் சுவரொட்டி வடிவமைக்கிறவள். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. அதனால் வந்த பெயர். இப்போது ஒரு குடிநோய் சிகிச்சை மையத்துக்குச் சுவரொட்டி. குடித்து நொந்துபோன ஓர் ஆண் முகம் வேண்டும்.

எந்தத் தளத்தில் படம் எடுப்பது லாபம் என்று ஒப்பிட்டுப் பட்டியல் போட்டுத் தரச் சொல்லியிருந்தார் முதலாளி. முதல் தளத்தில் படங்கள் கொட்டிக் கிடந்தன, விலை கண்ணைக் கட்டியது. இரண்டாவதில் மாதச் சந்தா. இரண்டிலும் சோகமாக உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையில், பற்பசை விளம்பரத்துக்குப் புறப்பட்டு வழி தவறி வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். மூன்றாவது இலவசம். யார் வேண்டுமானாலும் படத்தை ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விலை, தெளிவு, அளவு, தேடும் வசதி என்று நான்கு கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தாள். இலவசம்தான் ஜெயித்தது.

அந்த முகமும் அதில்தான் கிடைத்தது. ஏதோ ஒரு படிக்கட்டில், கன்னத்தைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்த நடுவயது மனிதர். தெருவில் நாம் பார்க்கிற முகம். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: படத்தில் இருப்பவரின் சம்மதத்துக்குத் தளம் பொறுப்பல்ல. அது அவள் கண்ணில் படாமல் இல்லை. முதுகு வலித்தது, மதியத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். படத்தை இறக்கி, கண்ணுக்குக் கீழே கருமையைக் கொஞ்சம் கூட்டினாள். மேலே பெரிய எழுத்தில், ‘இவரும் ஒரு காலத்தில் நன்றாக இருந்தவர்தான்’ என்று போட்டாள். மையத்துக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். ஊரில் உள்ள பேருந்து நிறுத்தம் அத்தனையிலும் ஒட்டிவிட்டார்கள்.

மூன்று வாரம் போயிருக்கும். வழக்கமான பேருந்தில், ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற வழக்கமான இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நிறுத்தத்தில் குழந்தையோடு ஏற வந்த பெண் ஓட்டுநரைப் பார்த்தாள், நிறுத்தத்துச் சுவரைப் பார்த்தாள், ஏறாமல் பின்வாங்கிவிட்டாள். பின்னாலிருந்து யாரோ, பார்த்து ஓட்டச் சொல்லுங்கப்பா என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். கண்ணாடியக்கா தலையைத் தூக்கி, ஓட்டுநருக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அவள் சுவரொட்டியில் போட்ட அதே முகம். கன்னத்தில் கை மட்டும்தான் இல்லை.

எத்தனை வருடமாக இவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

கடைசி நிறுத்தம் வரை இறங்காமல் இருந்தாள். எல்லாரும் போனபின், அந்தச் சுவரொட்டி பற்றி மெதுவாகக் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாதவர் மாதிரி இருந்தார்.

“நான் வாழ்க்கையில குடிச்சதே இல்லம்மா. மனைவிக்கு ஆபரேஷன். ராத்திரி பூரா ஆஸ்பத்திரி, பகல் பூரா வண்டி. படியில கொஞ்ச நேரம் உக்காந்தேன். யாரோ ஒருத்தர் கேமராவோட போனாரு. அவ்வளவுதான் தெரியும்.”

இப்போது தினமும் காலையில், குடிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் ஒரு குழாயில் ஊதிக் காட்டினால்தான் பணிமனையில் வண்டிச் சாவி தருகிறார்களாம். மகள் நிறுத்தத்தைத் தவிர்க்க, சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போகிறாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. நான்தான் அதைச் செய்தவள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அலுவலகம் போனதும் முதலாளியிடம் சொன்னாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இலவசப் படம், சட்டப்படி தப்பில்லை, நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள், மையத்துக்காரர்களிடம் போய் இதைச் சொன்னால் அடுத்த வேலை கைவிட்டுப் போகும் என்றார். அவரும் கெட்டவர் இல்லை, அலுத்துப்போனவர். அலுப்பில் செய்கிற அநியாயம்தான் உலகத்தில் பாதி.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“அப்ப அடுத்த சுவரொட்டிக்கு உங்க படத்தையே போட்டுடலாமா சார்? போன மாசம் மேஜையில சாஞ்சு தூங்கினப்ப எடுத்தது எங்கிட்ட இருக்கு. நல்லா பொருந்தும்.”

முதலாளி சட்டென்று நிமிர்ந்தார். “என் படத்தையா? என்னைக் கேக்காம எப்படிப் போடுவ? நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“அவரையும் நாலு பேர் பாக்குறாங்க சார்.”

முதலாளி தொலைபேசியை எடுத்து, மையத்தை அவரே அழைத்தார். மையத்துத் தலைமை மருத்துவர் பதறிப்போய் அன்றைக்கே ஆள் அனுப்பிக் கிழிக்கச் சொன்னார். பணிமனைக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். குழாயில் ஊதுவது நின்றது. ஆனாலும் நிறுத்தங்களில் பசைத் தடம் அப்படியே இருந்தது. ஓட்டுநரின் மகள் இன்னும் சுற்றுவழியில்தான் போகிறாள்.

கண்ணாடியக்கா தன் பட்டியலை மறுபடி திறந்து, விலைக்கும் முன்னால் ஒரு கட்டம் சேர்த்தாள். ‘படத்தில் இருப்பவரைக் கேட்டார்களா?’ மூன்றாவது தளத்துக்கு அதில் பூஜ்யம் போட்டாள். தனக்கும் அதே மதிப்பெண்தான் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் கடைசி நிறுத்தத்தில், அந்தச் சுவரொட்டியைச் செய்தவள் தான்தான் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டாள். கண்ணுக்குக் கீழே கருமை கூட்டியதையும் மறைக்கவில்லை. அவர் வண்டியை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“பரவாயில்லன்னு சொல்ல மனசு வரலம்மா,” என்றார். “சும்மா கிடைக்குதுன்னு எடுத்தீங்க. கிடைச்சது படம்தான், அதுல இருந்த மனுஷன் இல்ல. இனிமே யாரு முகத்தை எடுத்தாலும், அந்த ஆளுக்கும் வீடு வாசல், புள்ள குட்டி இருக்கும்னு நினைச்சு, ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க.”