சந்துப் பைப்பின் சத்தம்

காலை ஐந்தே கால் மணிக்கு ஷோபனா சமையலறையில் நீராவி வால்வைத் திறந்தாள். பைப்புக்குள் யாரோ சுத்தியலோடு புகுந்துகொண்டதுபோல டமார் டமார் என்று நாலு அடி விழுந்தது. சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த கரண்டிகள் குலுங்கின.

"ஏம்மா ஷோபனா! இன்னிக்கும் குண்டு போட ஆரம்பிச்சிட்டியா?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. அங்கே குடியிருக்கும் பீமாராவ் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயரானவர்.

"நான் இன்னா சார் பண்றது? அதுவா அடிக்குது!" என்று இவளும் கத்தினாள்.

ஷோபனா வீட்டிலேயே இட்லி அவித்து, செஞ்சி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஆறு டிபன் கடைகளுக்குக் கொடுக்கிறாள். கேஸ் கட்டுப்படியாகாமல் போனதும், பின்பக்கத் தகரக் கொட்டகையில் விறகில் எரியும் சின்ன பாய்லர் ஒன்றை வைத்தார்கள். அங்கிருந்து சந்துச் சுவரோரமாக வரும் இருபதடி இரும்புப் பைப்பு வழியாக நீராவி இட்லிப் பெட்டிக்குள் இறங்கும். ஆறு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்று வாரமாகத்தான் இந்தக் கூத்து.

பாய்லர் மாட்டிக்கொடுத்த விநாயகம் அவலூர்பேட்டையிலிருந்து இரண்டு தடவை வந்துபோனான். முதல் தடவை வால்வை மாற்றினான். இரண்டாம் தடவை பிரஷர் மீட்டரை மாற்றினான்.

"காத்தால மொத தடவ தெறக்கும்போதுதான் அடிக்குது. பத்து நிமிசம் போனா நின்னுடுது. அது ஏன்னு பாரு" என்று இரண்டு தடவையும் அவள் சொன்னாள். அவனோ அவளை விட்டுவிட்டு அவள் புருஷன் எழிலரசனைப் பார்த்து, "அண்ணே, வால்வ மெதுவா தெறக்கணும்னு அக்காவுக்குச் சொல்லுங்க" என்றான்.

எழிலரசனும் தலையாட்டிவிட்டு, "கேட்டியா? மெதுவா தெற" என்றான்.

பக்கத்தில்தானே நிற்கிறேன், என்னிடம் சொன்னால் வாயா வெந்துவிடும்? அந்த எரிச்சலிலேயே ஷோபனா மறுநாளிலிருந்து வால்வை ஒரே திருகாகத் திருகித் திறந்தாள்.

அமாவாசை வந்தது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களுக்காகக் கடைக்காரர்கள் வழக்கத்தைவிட ஆயிரம் இட்லி கூடுதலாகக் கேட்டிருந்தார்கள். அன்று காலை விழுந்த அடியில் இட்லிப் பெட்டிக்கு மேல் பைப்பு வளையும் முட்டு கழன்று நீராவி சீறியது. ஷோபனா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதால் தப்பினாள். ஓடிப்போய் பாய்லர் பக்கத்து வால்வை மூடிவிட்டு, மிச்ச மாவையெல்லாம் கேஸ் அடுப்பிலேயே அவித்து முடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய்விட்டது. இரண்டு கடைக்காரர்கள் போனில் திட்டினார்கள்.

மத்தியானம், பைப்பு ஆறியபின், அது நேராக இருக்கிறதா என்று பார்க்க பூக்கட்டும் நூலை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள். பைப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் கட்டினாள். நடுவில் பைப்பு நூலுக்குக் கீழே இரண்டு விரல் தொங்கியது. சூடு போகாமலிருக்கச் சுற்றியிருந்த வெள்ளைப் பஞ்சில் இத்தனை நாள் அது தெரியவே இல்லை. அதற்கு நேரே சுவரில் இரண்டு ஆணி ஓட்டைகள் இருந்தன.

"ஏங்க! இங்க பைப்ப தாங்கிக்கினு ஒரு கிளாம்ப் இருந்துதே, எங்க?"

எழிலரசன் வந்து பார்த்தான். "அதுவா? பைக்க உள்ள தள்ளும்போது ஹேண்டில் இடிச்சிக்கினே இருந்துது. கழட்டி வச்சிட்டேன்."

"எப்போ?"

"அது இருக்கும்... ஒரு மூணு வாரம்."

ஷோபனா நூலை அறுத்துச் சுருட்டினாள். "போன் போடுங்க அந்த ஆளுக்கு" என்றாள்.

விநாயகம் வந்து நடு இணைப்பைக் கழற்றியதும் ஒரு சொம்புக்குமேல் துருத் தண்ணீர் கொட்டியது. இந்தத் தடவை அவளைப் பார்த்தே பேசினான். "நீராவி ஆறி தண்ணியாகி இந்தப் பள்ளத்துலயே நிக்குதுக்கா. காத்தால புது நீராவி வேகமா வந்து அந்தத் தண்ணிய தள்ளிக்கினு போய் முட்டுல மோதுது. அந்தச் சத்தம்தான். மெதுவா தெறந்திருந்தா இவ்ளோ அடிச்சிருக்காது."

கடைசியில் சொன்னது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

கழன்ற இணைப்பை இறுக்கி, கிளாம்பை மறுபடி அடித்து, சமையலறைப் பக்கம் சாய்வு இருக்கும்படி பைப்பைத் தூக்கிக் கட்டி, தாழ்ந்த முனையில் தண்ணீர் வடிய ஒரு குழாய் வைத்தான். மறுநாள் காலை அவள் முதலில் தண்ணீரை வடித்தாள். வால்வைக் கால் திருகு திருகி நின்றாள். டிக், டிக் என்று இரும்பு சூடேறும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முழுக்கத் திறந்தாள்.

"மாடி சார் கேட்டா பாய்லர்ல கோளாறுன்னு சொல்லிடு" என்றான் எழிலரசன்.

ஷோபனா மாடிப்படிக்குக் கீழே போய் நின்றாள். "சார்! சத்தம் நின்னுடுச்சி. இவர்தான் கிளாம்ப கழட்டிட்டாரு!"

பீமாராவ் எட்டிப் பார்த்தார். "அவ்ளோதானா?"

அவள் ஒரு படி ஏறினாள். "நானும் வால்வ வெடுக்குனு தெறந்துட்டேன் சார்."

"இதக் கண்டுபுடிக்க மூணு வாரமாம்மா?"

"ஆமா சார், மூணு வாரம்" என்று சொல்லிவிட்டு, மாவை ஊற்றப் போனாள்.