மேல் ஏரிக்குப் போனவர்

சாம்பல் பாறைகளுக்கிடையே ஒரு நீலக் குல்லாய் ஏறிக்கொண்டே போகிறது, சிறுத்துச் சிறுத்துப் பொட்டாகி, இதோ அதுவும் பாறையோடு பாறையாகிவிட்டது, இனி எது தன் கணவர், எது கல் என்று சண்முகவடிவுக்குப் பிரிக்கத் தெரியவில்லை, காஷ்மீர் மலையில் ஆளில்லாத இந்தக் கீழ் ஏரிக்கரையில் அவள் உட்காருகிறாள், எழுந்திருக்கிறாள், நாலடி நடந்து திரும்பவும் உட்காருகிறாள், விடியுமுன்னே கிளம்பி பைன் காடும் புல்வெளியும் பனி உருகி ஓடும் ஓடைகளும் கடந்து இங்கே வந்து சேர்ந்தபோது, போதுங்க, இதுவும் ஏரிதானே, திரும்பிருவோம் என்றாள், கோமதிநாயகம் அவளைப் பார்க்காமல் நரைத்த தாடிக்கார வழிகாட்டி பஷீரிடம் மேல் ஏரிப் பக்கம் கை காட்டினார், அப்புறம்தான் இவளிடம் சொன்னார், ரெண்டு வருசமா என்னை நோயாளியாத்தானே பாக்க, ஒரு மணி நேரம் பாக்காம இருந்து பாரேன், கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பாள், கெஞ்சுகிற மாதிரி சொல்லிவிட்டுப் பஷீரோடு ஏறிவிட்டார், என்ன செய்ய.

தண்ணீர் அசையாமல் பச்சையாகக் கிடக்கிறது, அந்த ஆஸ்பத்திரிச் சுவருக்கும் இதே பச்சை, இரண்டு வருடம் முன்பு பாளையங்கோட்டையில் நீண்ட வராந்தாவில் அவள் நிற்கிறாள், நர்ஸ் ஒருத்தி வந்து அவருடைய செருப்பையும் வாட்சையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுக்கிறாள், உள்ளே எப்படிம்மா இருக்காங்க, டாக்டர் வந்து சொல்லுவார்ம்மா, செருப்பில் இன்னும் சூடு இருக்கிறதா என்று பைக்குள் விரலை விட்டுப் பார்க்கிறாள், இதய அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகும், இனி மலைகூட ஏறலாம் என்று டாக்டரே சொன்ன பிறகும், அவள் மட்டும் அந்த வராந்தாவை விட்டு வரவில்லை, குளியலறைக் கதவைத் தாழ்போட விடமாட்டாள், அவர் தூங்கும்போது மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்ப்பாள், அப்போதெல்லாம் அவர் விழித்துக்கொண்டேதான் கண்ணை மூடிக் கிடந்தார் என்பது இந்தக் குளிரில், இந்தக் கரையில், இப்போதுதான் உறைக்கிறது.

மேலேயிருந்து மூடுபனி இறங்குகிறது, பாறைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன, ஏங்க என்று கூப்பிடுகிறாள், குரல் பஞ்சில் விழுந்த மாதிரி அமுங்குகிறது, இருந்த இடத்தை விட்டு அசையக்கூடாது என்று பஷீர் சொன்னது நினைவிருக்கிறது, கால் கேட்கவில்லை, வெள்ளைக்குள் ஏறுகிறாள், கல் சரிகிறது, இன்னும் ஏறுகிறாள், இழுத்த மூச்சு பாதி வழியில் நின்றுவிடுகிறது, இன்னொன்று இழுக்கிறாள், அதுவும் போதவில்லை, தலை விண்ணென்று தெறிக்க ஒரு பாறையில் சாய்கிறாள், வராந்தாவா மலையா, யார் உள்ளே, யார் வெளியே.

யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியைத் தேடுகிறார்கள், கண்ணைத் திறந்தால் கோமதிநாயகத்தின் வெளிறிய முகம், அந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள், ஆஸ்பத்திரி லிப்டின் கண்ணாடியில், தன்னுடையதாக, வடிவு, என்னைப் பாரு, மெதுவா இழு, ஏதாவது பேசு என்கிறார், நல்லாத்தான் இருக்கேங்க என்கிறாள், இரண்டு வருடமாக அவர் சொல்லிச் சொல்லி அவள் நம்பாத அதே வார்த்தை, அவரும் நம்பவில்லை.

உடனே கீழே இறங்கணும், காத்து பத்தலை என்று தனக்குத் தெரிந்த இந்தியில் பஷீர் சொன்னார், ஆளுக்கொரு பக்கம் தாங்கி இறக்கினார்கள், கீழ் ஏரி தாண்டியதும் கோமதிநாயகம் கேட்டார், இப்படித்தான் இருந்துச்சா உனக்கு, இத்தனை நாளும், மேல ஏரி எப்படி இருந்துச்சு என்றாள் அவள், அவர் தயங்கினார், பாதி உறைஞ்சு கெடந்துச்சு, ஓரத்துல மட்டும் தண்ணி, அப்படியொரு நீலம், அங்க இருக்கையில எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலை வடிவு, நீகூட வரலை, வலிக்கும் என்று காத்திருந்தாள், வலிக்கவில்லை, அவள் காவல் இல்லாமலே அவர் எங்கோ சுகமாக இருந்திருக்கிறார்.

பைன் காட்டுக்குள் வந்ததும் மூச்சு சீரானது, கையை விடுங்க, நடந்துருவேன் என்றாள், விழுந்துருவ என்றார், விடவில்லை, நாலடிக்கு ஒருதரம் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு அவள் மரங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.