ஐஸ் வாளியில் விழுந்த முகம்

ஊர் ஊராகச் சுற்றும் அவள், போகிற இடத்திலெல்லாம் பாருக்குள் நுழைந்து யாரும் ஏறிட்டுப் பார்க்காத சாமான்களைப் படம் பிடிப்பாள். அன்று மத்தியானம் ஈரத்துணியையும் கால் ஒடிந்த முக்காலியையும் எடுத்துவிட்டு, எவர்சில்வர் ஐஸ் வாளியை எடுத்தபோது, மூலையில் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தவர் வந்து வழியை மறித்தார். அவர் நெற்றியில் நீளமாக ஒரு தழும்பு.

“யாரு அனுப்புனா உன்ன?”

“யாருமில்லண்ணே. வாளியத்தான் எடுத்தேன்.”

காட்டினாள். வாளியின் பளபளப்பில் அவர் முகம் தழும்போடு விழுந்திருந்தது.

“அழிச்சிடும்மா,” என்றார். அதட்டுவார் என்று பார்த்தால் கெஞ்சினார். அவள் அழித்ததும் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

அவள் பையை மாட்டுவதற்குள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். கடைக்காரர் தலை நிமிரவே இல்லை.

“நெத்தியில தழும்போட ஒருத்தன் இங்க இருந்தானா?”

“நான் பாக்கலீங்க,” என்றாள் அவள்.

ஒருவன் கேமராவைப் பிடுங்கிப் படங்களைத் தள்ளினான். சரியாக அழித்தோமா என்று அவளும் எட்டிப் பார்த்தாள். துணி வந்தது, முக்காலி வந்தது, அவ்வளவுதான்.

“குப்பையப் போயி படம் புடிக்குது, லூசு,” என்று சிரித்துக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தான். மற்றவன் பின்கதவை நோக்கி நடந்தான்.

“அது லேடீஸ் பாத்ரூமுங்க,” என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவன் நின்று, கடைக்காரரைப் பார்த்தான். கடைக்காரர் மெல்லத் தலையாட்டினார்.

இருவரும் முன்வாசல் வழியாகவே போனார்கள். அதன்பிறகு அவள் கேமராவைத் திறந்து, வாளிப் படம் இல்லையென்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.